காக்கிச் சட்டைக்குள் ஒரு கால்பந்துக் கோஷ்டி

விழிஞ்ஞத்துக் கடற்கரையிலே மாலை வெயில் தாழ்ந்து, வலைகளைச் சுருட்டி வைத்தபின், மணற்பரப்பு முழுவதும் சிறுவர்க்கே உரியதாகி விடுகிறது. இரண்டு செருப்புகளை எட்ட எட்ட வைத்தால் அதுவே கோல். காலில் பூட்ஸ் இல்லை என்பது அங்கு யாருக்கும் ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. பள்ளிவாசல் பக்கத்துப் பையன்களும், மாதா கோயில் பக்கத்துப் பையன்களும், பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறிய நம் குடும்பத்துப் பையன்களும் ஒன்றாகக் கலந்து ஆடுகின்றனர். பந்தைக் கேட்டு எழும் கூச்சல் மலையாளமா தமிழா என்று பிரித்தறிவது கடினம். தெற்கே பூவாறு, பொழியூர் என்று சென்று, எல்லை கடந்து நீரோடி, இரவிபுத்தன்துறை, தூத்தூர் வரையில் இக்கரை நெடுகிலும் இதே காட்சிதான். இந்தியன் சூப்பர் லீக்கில் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ் அந்த இரவிபுத்தன்துறையிற் பிறந்தவரே.

இக்காட்சியைக் கண்டு பெருமிதம் கொள்வோர் உளர். கவலை கொள்வோரும் உளர். கவலைப்படுவோர் பெரும்பாலும் பெற்றோர். "பந்து சோறு போடுமா?" என்று அவர்கள் நம்மைக் கேட்கின்றனர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு உத்தியோக விஷயமெல்லாம் தெரிந்திருக்கும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. ஆயின், இங்கிருந்து 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் இலாகாவின் கால்பந்துக் கோஷ்டி, ஒரு பத்தாண்டுக் காலம் அக்கேள்விக்கு மிகத் தெளிவான விடை அளித்தது. அதுவே கேரளப் போலீஸ் கோஷ்டி. 1980களின் நடுவில் எழுந்து, 1990களின் நடுவில் ஒளி மங்கிய அக்கோஷ்டியின் வரலாற்றை, அக்காலத்தை நேரிற் கண்ட மூத்தோர் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். நாம் அப்போது பிறந்திருந்தால் அதுவே பெரிது. எனினும் கேட்டவற்றையும் படித்தவற்றையும் தொகுத்து ஈண்டுத் தருகின்றோம்.

முதலில் ஒன்றை விளக்கியாக வேண்டும். இந்நாளில் கிளப் என்றால் முதலாளி ஒருவர் பணம் போட்டு, ஆட்டக்காரரை ஒப்பந்தத்தில் எடுத்து, மஞ்சளோ நீலமோ ஒரு சட்டையை மாட்டி விடுவது என்றே நம் இளைஞர் எண்ணுகின்றனர். அந்நாளில் அவ்வாறன்று. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளையும் கோவாவின் சில கிளப்புகளையும் நீக்கிவிட்டால், இந்தியக் கால்பந்து முழுவதும் ஆபீஸ் கால்பந்தே. கேரளத்தில் டைட்டானியம் தொழிற்சாலை, களமசேரி பிரீமியர் டயர்ஸ், மின்சார வாரியம், திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி எனப் பலவும் கோஷ்டி வைத்திருந்தன. பையன் நன்றாக ஆடினால் அவனுக்கு ஓர் உத்தியோகம் கிடைக்கும். காலையிலும் மாலையிலும் பயிற்சி, பந்தயக் காலத்தில் சிறப்பு விடுப்பு, வெற்றி பெற்றால் பதவி உயர்வு, ஆட்டம் ஓய்ந்தபின் மற்றவர் போல் நாற்காலியில் அமர்ந்து வேலை, வயதானபின் பென்ஷன். நம் ரயில்வேயும் இம்முறையால் வளர்ந்ததே. சந்தோஷ் டிராபியை ரயில்வே கோஷ்டி 1960களில் மூன்று முறை வென்றது என்பதை இங்குள்ளோர் மறந்து விட்டனர். ஆனால் 1973இல் எறணாகுளத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் கேரளத்திடம் 2க்கு 3 என்ற கணக்கில் ரயில்வே தோற்றதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை! அன்று கேரளத் தலைவர் மணி ஒருவரே மூன்று கோல்களையும் அடித்தார். அதுவே கேரளம் பெற்ற முதல் சந்தோஷ் டிராபி.

அதன்பின் நீண்ட வறட்சி. நல்ல ஆட்டக்காரர் இல்லாமையால் அன்று. இருந்தோர் பல ஆபீசுகளிலும் சிதறிக் கிடந்தமையால். இந்நிலையிலேதான் போலீஸ் இலாகா களத்தில் இறங்கிற்று. அக்காலத்தில் மாநிலப் போலீஸ் தலைவராயிருந்த எம். கே. ஜோசப் என்பார் கால்பந்தில் தீராத பற்றுடையவர். மாநிலம் எங்கும் நல்ல கால்களைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குக் காக்கி உடுத்தும் பணியை அவர் மேற்கொண்டார். கண்ணூர்ப் பக்கத்துச் சொக்ளியிலிருந்து வி. பி. சத்யன் வந்தார். திருச்சூரிலிருந்து சி. வி. பாப்பச்சன் வந்தார். மலப்புறம் பகுதியிலிருந்து யு. ஷரஃப் அலி வந்தார். குரிகேஷ் மாத்யூ, கோல் காக்க கே. டி. சாக்கோ, தோபியாஸ், ஹபீப் ரஹ்மான் என வரிசை நீண்டது. பின் நாளில் இந்திய அணிக்கே தூண்களாக நின்றோர் இவர்களுட் பலர்.

இவர்களிலெல்லாம் நம் வாசகர் முகம் அறிந்தவர் ஒருவர் உண்டு. "திமிரு" என்ற தமிழ்ப் படத்திலும், "பிகில்" படத்திலும் கறுத்த மேனியும் கூரிய கண்களுமாக வந்த ஐ. எம். விஜயனே அவர். சினிமாவில் அவரைக் கண்டு அஞ்சியோர், அவர் கதையைக் கேட்டால் கண் கலங்குவர். 1969இல் திருச்சூரில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தை இளமையிலேயே மறைந்தார். தாயின் கூலியே குடும்பத்தின் வருவாய். திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் பந்தயம் நடக்கும் நாட்களில், பாட்டிலுக்குப் 10 பைசா கூலிக்கு அச்சிறுவன் சோடா விற்றான். சோடா விற்றது ஒரு பங்கு. வேலிக்கு அப்பால் ஆடியோரின் காலைக் கவனித்தது ஒன்பது பங்கு. 17 வயதில் போலீஸ் கோஷ்டியின் கண்ணில் பட்டார். சொந்த வீடும் நிலமும் இல்லாத ஒரு பையனுக்கு மாதச் சம்பளத்துடன் சர்க்கார் உத்தியோகம் என்பது என்ன பொருள் தரும் என்பதை, சொந்த ஊரை விட்டு இங்கு வந்து வாடகை வீட்டில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி அக்கோஷ்டியின் பெருநாளுக்கு வருவோம். இந்தியாவின் கிளப்புகளுக்குள் சிறந்தது எது எனத் தீர்மானிக்க 1977இல் தொடங்கப்பெற்றது பெடரேஷன் கோப்பை. முதற் போட்டியே எறணாகுளத்தில் நடந்தது, பெங்களூர் ஐ.டி.ஐ. வென்றது. அதன்பின் கோப்பை பெரும்பாலும் கல்கத்தாவிலேயே குடியிருந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூவரும் மாறி மாறி அதனை எடுத்துச் சென்றனர். 1988இலும் 1989இலும் கோவாவின் சல்கோகர் அதனைக் கைப்பற்றிற்று. கேரளத்துக் கோஷ்டி எதுவும் அதுகாறும் அக்கோப்பையைத் தொட்டதில்லை.

1990இல் போட்டி திருச்சூருக்கு வந்தது. இறுதிப் பந்தயத்தில் போலீசுக்கு எதிரே நின்றது, இரண்டாண்டு தொடர்ந்து வென்ற அதே சல்கோகர். களமோ, விஜயன் சோடா விற்ற அதே ஸ்டேடியம். கதையில் எழுதினால் மிகைப்படுத்துகிறான் என்று நம்மை நகைப்பர். வரலாறு அவ்வாறே அமைந்து விட்டது. 2க்கு 1 என்ற கணக்கில் போலீஸ் வென்றது. சாதாரண நாட்களில் போலீஸ் வண்டியைக் கண்டால் விலகி நடக்கும் ஜனங்கள், அன்று போலீஸ்காரர்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகக் கொண்டாடினர். மூத்த அன்பர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "லத்தியைக் கண்டு பழகிய நாங்கள், அன்றுதான் அதே கைகளிலே கோப்பையைக் கண்டோம்." மறு ஆண்டு, 1991இல், கண்ணூரில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பம்பாயின் மஹிந்திரா கோஷ்டியை வென்று கோப்பையைத் தக்க வைத்துக் கொண்டனர். ஒரு மாநிலத்தின் போலீஸ் கோஷ்டி, கல்கத்தாவும் கோவாவும் பார்த்திருக்க, நாட்டின் கிளப்புகளுக்கான கோப்பையை இரண்டு ஆண்டு தொடர்ந்து வென்றது சாமானியச் செயலன்று.

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு செய்தியையும் சொல்லத் தோன்றுகிறது. ஏறக்குறைய இதே காலத்தில் கிழக்கு ஜெர்மனியிலும் காவல் இலாகாவைச் சார்ந்த ஒரு கிளப் கோலோச்சிற்று. பெர்லினர் டைனமோ என்பது அதன் பெயர். அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் எரிக் மீல்கே அதன் புரவலர். 1979 முதல் 1988 வரை பத்து ஆண்டுகளும் அந்நாட்டு லீக்கில் அதுவே முதலிடம்! ஆனால் மக்கள் அதனைக் கொண்டாடவில்லை. நடுவர்கள் அதன் பக்கமே சாய்கின்றனர் என்ற முணுமுணுப்பு ஊரெங்கும் எழுந்தது. வெற்றி வளர வளர வெறுப்பும் வளர்ந்தது. பெர்லின் சுவர் வீழ்ந்து இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் அக்கிளப் கீழ்த்தட்டு லீக்குகளுக்குச் சரிந்தது. அதே நாட்டில் ரயில்வே தொழிலாளரின் பெயரால் அமைந்த லோகோமோட்டிவ் லைப்சிக் என்றொரு கிளப்பும் இருந்தது. 1987இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதிப் பந்தயம் வரை சென்று, அயாக்சிடம் ஒரே கோலில் தோற்றது. (இலாகா அபிமானத்தால் இதைக் குறிப்பிட்டோம், வாசகர் பொறுத்தருள்க.) பெர்லினில் பத்துக் கோப்பைகளும் ஈட்டித் தராத அன்பை, இங்கே இரண்டு கோப்பைகள் ஈட்டித் தந்தன. காரணம் எளிது. பெர்லினில் அதிகாரம் பந்தின் பின்னே நின்றது. இங்கோ சோடா விற்ற பையனும் சிற்றூர்ப் பையனும் அதிகாரத்தின் சட்டைக்குள் புகுந்து ஆடினர். பார்த்தவர்க்கு அவர்கள் போலீசாகத் தெரியவில்லை, தம்மவராகவே தெரிந்தனர்.

போலீஸ் கோஷ்டியின் பலம் மாநில அணிக்கும் பாய்ந்தது. 1988 முதல் 1994 வரை ஏழு முறை தொடர்ந்து கேரளம் சந்தோஷ் டிராபி இறுதிப் பந்தயத்தை எட்டிற்று. முதல் நான்கும் தோல்வி. கொல்லத்தில் பஞ்சாபிடம், குவாஹாத்தியில் வங்காளத்திடம், மட்காவில் கோவாவிடம், பாலக்காட்டில் மகாராஷ்டிரத்திடம். முதல் இரண்டும் பெனால்டி உதையிற் போனவை. அவ்வாறு நான்கு ஆண்டு வாயிற்படி வரை வந்து திரும்பியவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும்! ஐந்தாம் முறை, 1992இல், நம் கோயம்புத்தூரில் விடிவு பிறந்தது. சத்யன் தலைமையில் கேரளம் கோவாவை 3க்கு 0 என்று வென்றது. 19 ஆண்டுகளுக்குப் பின் கோப்பை பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வந்தது. அடுத்த ஆண்டு எறணாகுளத்தில் குரிகேஷ் மாத்யூவின் தலைமையில் மகாராஷ்டிரத்தை 2க்கு 0 என்று வென்றனர். 1994இல் கட்டக்கில் மீண்டும் பெனால்டி உதை; மீண்டும் வங்காளம். அத்துடன் அந்தத் தொடர் அற்றது.

ஏன் மங்கிற்று என்பதே நம் பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. ஆட்டம் குன்றியதால் அன்று. புகழ் வளர்ந்தவுடன் கல்கத்தா அழைத்தது. சர்க்கார் சம்பள விகிதத்தில் ஒரு கான்ஸ்டபிளுக்கோ சப் இன்ஸ்பெக்டருக்கோ எவ்வளவு தர முடியும்? பந்தயத்தில் எத்தனை கோல் அடித்தாலும் சம்பளப் பட்டியலில் கோலுக்கென ஒரு கலம் கிடையாது. குமாஸ்தா என்ற முறையில் இதை நாம் உறுதியாகச் சொல்ல வல்லோம். கல்கத்தாக் கிளப்புகளோ ஒரே பருவத்துக்கு, இங்கே பல ஆண்டு உழைத்தும் சேராத தொகையைத் தந்தன. விஜயன் 1991இல் மோகன் பகானுக்குச் சென்றார், திரும்பினார், மறுபடியும் சென்றார். சத்யனும் கல்கத்தாவில் ஆடினார். போனவரைக் குறை கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நாம் அவர்களுடன் சேர மாட்டோம். ஊர் விட்டு ஊர் வந்து கூலி தேடிய நமக்கு, அதிகக் கூலியை நாடிப் போனவனைக் குற்றம் சொல்லும் உரிமை ஏது? விஜயன் மும்முறை அகில இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 1999இல் பூட்டானுக்கு எதிரே ஆட்டம் தொடங்கிய 12ஆம் விநாடியில் கோல் அடித்தார். காக்கிக்குள்ளேயே இருந்திருந்தால் இத்தனையும் வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

எனினும் அதன் மறுபக்கத்தையும் காண்க. 1997இல் பெரும் ஆரவாரத்துடன் கொச்சியில் எஃப்.சி. கொச்சின் என்ற தொழில்முறைக் கிளப் பிறந்தது. முதலாண்டிலேயே டூரண்ட் கோப்பையை வென்றது. விஜயனும் அதில் ஆடினார். சில ஆண்டுகளிலேயே ஆட்டக்காரருக்குச் சம்பளம் தர வழியின்றிக் கதவடைத்தது. உத்தியோகக் கோஷ்டியில் தொகை குறைவு. ஆனால் மாதம் பிறந்தால் வரும். போலீசிலேயே நிலைத்தவர் பலர், ஆட்டம் ஓய்ந்தபின் அதிகாரி நிலைக்கு உயர்ந்தனர். ஷரஃப் அலி 2023இல் மாநில விளையாட்டுக் கவுன்சிலின் தலைவரானார். விஜயனும் பிற்காலத்தில் அதே இலாகாவுக்குத் திரும்பி, பத்மஸ்ரீ விருது பெற்ற 2025ஆம் ஆண்டிலேயே டெபுடி கமாண்டண்ட் பதவியில் ஓய்வு பெற்றார்.

சத்யனின் கதை அவ்வாறு முடியவில்லை. இந்திய அணிக்குத் தலைவராக விளங்கியவர். 1995இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்பட்டவர். போலீசை விட்டுச் சென்னைக்குப் போய் இந்தியன் வங்கியில் சேர்ந்து, அதன் கோஷ்டியிலும் ஆடினார்; பின்பு பயிற்சியும் அளித்தார். காலில் பட்ட காயங்கள் அவரை விடவில்லை. களத்தைப் பிரிந்த ஏக்கமும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 2006 ஜூலை 18ஆம் நாள், 41ஆம் வயதில், பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவர் வாழ்வு முடிந்தது. நம் இலாகாவின் தண்டவாளம் என்பதனாலோ என்னவோ, அச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நம் நெஞ்சம் கனக்கிறது. அவருக்கு உத்தியோகம் இருந்தது, சம்பளம் இருந்தது. ஆகவே பந்து சோறு போட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் 20 ஆண்டு பந்தையே வாழ்வெனக் கொண்டவனுக்கு, அது காலை விட்டு விலகிய மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று எந்த இலாகாவும் கற்றுத் தருவதில்லை. ஆடி முடித்தவரைப் பைல் கட்டுகளுக்கிடையே அமர்த்திவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணும் வழக்கம் எல்லா ஆபீசுகளிலும் உண்டு. அவர்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக் கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். 2018இல் "கேப்டன்" என்ற பெயரில் சத்யனின் வாழ்வு மலையாளப் படமாயிற்று. ஜெயசூர்யா சத்யனாக நடித்தார். காணாதோர் காண்க.

போலீஸ் கோஷ்டி இன்றும் இருக்கிறது. ஆயினும் அந்தப் பத்தாண்டின் ஒளி திரும்பவில்லை. திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி 2017இல் பாரத ஸ்டேட் வங்கியில் கலந்துவிட்டது. திருவனந்தபுரத்துச் சந்திரசேகரன் நாயர் போலீஸ் ஸ்டேடியத்தில், 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்ற தொழில்முறைக் கிளப் பந்தயங்களை ஆடிற்று. பிரேசில் நாட்டு ஆட்டக்காரரும் அதில் இடம் பெற்றனர். போலீசின் பெயர் தாங்கிய களத்தில் பணக்கிளப்பின் பந்தயம்! காலம் மாறிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. விழிஞ்ஞத்திலிருந்து பஸ் ஏறிச் சென்று அதைப் பார்த்த நம் பையன்கள், திரும்பி வந்து பிரேசில் பாணியில் குதிகாலால் உதைத்துப் பார்த்தனர். பந்து கடலுக்குள் போயிற்று.

எனினும் உத்தியோக வழி முற்றும் அடைபட்டு விடவில்லை என்பதைக் கேட்ட பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். நம் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டின்கீழ் ஆண்டுதோறும் ஆள் எடுக்கின்றனர். வயது 18க்குக் குறையாமலும் 25க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். அடிமட்டப் பதவிக்கு 10ஆம் வகுப்பும், குமாஸ்தா போன்ற பதவிகளுக்கு 12ஆம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும். அதற்கு மேல், மாநில அளவிலோ தேசிய அளவிலோ ஆடியதற்கு அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் சான்றிதழ் வேண்டும். பையனின் காலைச் சோதிக்கும் முன்னர் அக்காகிதத்தையே சோதிக்கின்றனர். நன்றாக ஆடும் பையன்கள் பலர் இந்த ஒரு காகிதம் இன்றித் திரும்புவதை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்பார். வீடு மாறியபோது தொலைந்தது என்பார். வாடகை வீட்டுக்கு வாடகை வீடு மாறும் நம் குடும்பங்களில் இது மிகச் சாதாரணம். ஆகவே பள்ளியிலோ சங்கத்திலோ பையன் பெற்ற சான்றிதழ் எதுவாயினும், ரேஷன் கார்டு வைத்திருக்கும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டுக. மூலத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமல் அனுப்ப, இரண்டு நகல்கள் தனியே இருக்கட்டும்.